அறிக்கைப்படி அக்காவுக்கு ஐம்பத்தெட்டு

சொந்தப் புத்தியை மட்டும் நம்பி மனித குலம் இத்தனை காலம் எப்படிச் சமாளித்தது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. எங்கள் நிறுவனம் அந்த இருண்ட காலத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடந்தது. அன்றுதான் எங்கள் தானியங்கி அறிக்கை மென்பொருள் 'அப்டேட்' ஆனது.

அதற்கு முன் அது வெறும் எடுபிடி. பணியாளர் விவரங்கள் உள்ள விரிதாள்களைத் திறந்து படித்து, யார் விடுப்பு, யாருக்கு ஓய்வு என்று தினமும் ஓர் அறிக்கை அனுப்பும், அவ்வளவுதான். அப்டேட்டுக்குப் பிறகு அதற்கு ஞானம் பிறந்தது. முதல் அறிக்கையிலேயே ஸ்டோர் அக்காவை ஓய்வுபெற வைத்தது.

ஸ்டோர் அக்கா எங்கள் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர். வயது ஐம்பத்து நான்கு. எங்கள் ஓய்வு வயது ஐம்பத்தெட்டு. அறிக்கைகளைப் பராமரிக்கும் இளநிலை அலுவலன் என்ற முறையில், விளக்கம் கேட்டு அவர் என் மேசைக்குத்தான் வந்தார்.

"தம்பி, அட்டையைத் தேய்ச்சா கேட் திறக்கலை. செக்யூரிட்டி என்னை விசிட்டர்னு எழுதி உள்ள விடுறான்."

"நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்கக்கா. நேத்தோட ஐம்பத்தெட்டு முடிஞ்சுது."

"யாரு சொன்னா?"

"ரிப்போர்ட்."

"எங்கம்மா வேற மாதிரி சொல்லிச்சே."

"அம்மாகிட்ட டேட்டா இருக்கா?"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரிட்டயர் ஆனதுகூடப் பரவாயில்லை. ஆஸ்பத்திரி கார்டு என்னாகும்?"

அவருடைய கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தத்தில் இருந்தன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ், கம்பெனி கார்டில். ஓய்வுபெற்றால் அந்த மாதக் கடைசியோடு கார்டு நின்றுவிடும்.

"கார்டு நின்னா, அவரும் ரிட்டயர்டுதான்," என்றார் அக்கா.

எனக்கு இந்த மாதிரிச் சிக்கல்கள் என்றால் உயிர். எதையும் பிரித்து, எதிரே இருப்பவருக்குப் புரியும்வரை விளக்காமல் எனக்குத் தூக்கம் வராது. தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

"விரிதாளுக்குத் தேதின்னா என்னன்னே தெரியாதுக்கா. ஒரு நாளை ஒண்ணுன்னு வச்சுக்கிட்டு, அதுலேர்ந்து எண்ணிக்கிட்டே போகும். ஒரு வகை விரிதாள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துல எண்ண ஆரம்பிக்கும். இன்னொரு வகை நாலு வருஷம் தள்ளி ஆரம்பிக்கும். உங்க ஃபைல் ரெண்டாவது வகை. முன்னாடி மென்பொருள் அதைப் பார்த்துப் படிச்சுது. இப்ப முதல் வகைன்னு நினைச்சுப் படிக்குது. அதனால நீங்க நாலு வருஷம் முன்னாடியே பிறந்துட்டீங்க."

"துணியைத் தப்பான டேப்புல அளந்த மாதிரியா?"

"அதேதான்."

"அப்ப சரியான டேப்பை எடுக்கச் சொல்லு."

"ஒரே ஒரு டிக்குக்கா. 'கோப்பின் தொடக்க நாளைப் பின்பற்று'ன்னு ஒரு கட்டம் இருக்கு. மேலாளர் சரின்னா, நீங்க டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள போட்டுடுவேன்."

எங்கள் மேலாளர் பொறுப்பானவர். ஒரு டிக்கைத் தனியாக முடிவு செய்துவிட மாட்டார். உடனே 'இணக்கச் சிக்கல் தீர்வுக் குழு' பிறந்தது. கதவு சாத்தப்பட்டது. ஏசி குறைக்கப்பட்டது.

"அந்த அம்மாவைப் பார்த்தாலே ஐம்பத்தெட்டு மாதிரிதானே இருக்கு?" என்று மனிதவள மேடம் விஞ்ஞானபூர்வமாகத் தொடங்கினார்.

"பிறப்புச் சான்றிதழ் தர்றாங்களாம்," என்றேன்.

"அது பழைய வெர்ஷன்," என்றார் கணக்கு அதிகாரி. "அதுக்கப்புறம் அப்டேட்டே ஆகலையே."

நான் பலகையில் படம் போட்டேன். "ஊழியர் ஃபைல் ஒரு வகை. அலுவலர் ஃபைல் இன்னொரு வகை. மென்பொருள் ரெண்டையும் மாத்திப் படிக்குது. ஊழியர்களுக்கு நாலு வயசு ஏறிடுச்சு. அலுவலர்களுக்கு நாலு வயசு இறங்கிடுச்சு."



"இறங்கிடுச்சா?" என்றார் மேலாளர்.

அவர் அந்த மாதக் கடைசியில் ஓய்வுபெற வேண்டியவர். விடைபெறும் உரையைக்கூட எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தார். அறிக்கையை வரவழைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு உரையை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"அந்த டிக் ஊழியர் பக்கம் மட்டும் விழுமா?"

"ஒரே டிக்தான் சார். ரெண்டு பக்கமும் சரியாயிடும்."

"'சரி'ங்கிற வார்த்தையை இவ்வளவு அவசரமா பயன்படுத்தாதீங்க. ஆழமா ஆராயணும்."

"அக்காவோட வீட்டுக்காரருக்கு இந்த மாசக் கடைசிக்குள்ள..."

"வருத்தமாத்தான் இருக்கு. அதை மினிட்ஸ்ல ஏத்திக்கோங்க." ஏற்றிக்கொண்டேன். மேலாளர் என் பக்கம் கனிவோடு திரும்பினார். "உங்களுக்கு என்ன வயசாகுது?"

"முப்பத்தேழு சார்."

"ரிப்போர்ட்ல?"

பார்த்தேன். "முப்பத்து மூணு."

"உதவி மேலாளர் பதவிக்கு வயசு வரம்பு எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு சார்."

"அப்ப நீங்களும் ஆராயுங்க," என்றார்.

குழு இன்றும் ஓய்வின்றி ஆராய்ந்து வருகிறது. மென்பொருளின் துல்லியத்தைப் பாராட்டித் தீர்மானம் ஒன்றும் ஒருமனதாக நிறைவேறியது. மாதக் கடைசியில் கார்டு நின்றது.

அடுத்த வாரம் ஸ்டோர் அக்கா வந்தார். கழுத்தில் விசிட்டர் அட்டை, கையில் ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பிய சீட்டு. என் புதிய அறையைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு நேரமாகியிருந்தது. உட்காரவில்லை.

"மூணு நாளா மூச்சு வாங்குது அவருக்கு. ஒரு டிக்குன்னு சொன்னியே தம்பி. ஏன் இன்னும் போடலை? அதையாவது விளக்கிச் சொல்லு."

உதவி மேலாளருக்கு உரிய நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அது ரொம்பச் சிக்கலான டெக்னாலஜிக்கா," என்றேன். "சொன்னா உங்களுக்குப் புரியாது."