பினாங்கில் கட்டிய பேனர்

எங்கள் பாகூர் பக்கத்தில் தாலியை மறந்துவிட்டு வந்த கல்யாணத்தைக்கூட எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். பேனர் இல்லாத கல்யாணத்தை ஊர் ஒத்துக்கொள்ளாது. நண்பர்கள் கூலிங் கிளாஸோடு கை கூப்பி நிற்கும் பேனர் மண்டப வாசலில் இருந்தால்தான் மாப்பிள்ளைக்கு நாலு மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். கொஞ்ச காலமாக அதிலும் ஒரு புது மோஸ்தர், கண்ணீர் அஞ்சலி பேனர். மாப்பிள்ளை படத்துக்கு மாலை, பக்கத்தில் குத்துவிளக்கு, "நேற்றுவரை எங்களோடு சுற்றியவர் இன்று எங்களைவிட்டுப் பிரிந்தார்" என்று ஒரு வரி. வருகிறவர்கள் படித்துச் சிரித்துவிட்டு நேராகப் பந்திக்குப் போவார்கள். இந்த நகைச்சுவைக்குப் பாஸ்போர்ட் கிடையாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜெரோம் வில்லியனூர்ப் பக்கத்துப் பையன், என்னோடு காலேஜில் படித்தவன். பினாங்குக்கு வேலைக்குப் போன இடத்தில் ஸ்டெல்லா என்ற தமிழ்ப் பெண்ணைக் காதலித்தான். அவள் அப்பாவுக்கு இவனைப் பிடிக்கவில்லை. எங்கிருந்தோ வந்தவன், ஒருநாள் சொல்லாமல் கிளம்பிப் போய்விடுவான் என்று பயம். வருஷக்கணக்காகக் கெஞ்சித்தான் சம்மதம் வாங்கினான். சனிக்கிழமை கல்யாணம். வெள்ளியும் திங்களும் லீவாக அமைந்ததால் நானும் பாலுவும் கிளம்பிவிட்டோம். பாலுவுக்குத் தவளக்குப்பத்தில் ஃபிளெக்ஸ் கடை. எனக்கு சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை (தப்பு கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம், தயவுசெய்து சிரிக்க வேண்டாம்). இரண்டு பேருக்கும் அதுதான் முதல் வெளிநாடு. பெட்டியில் துணி கொஞ்சம், பேனர் மீதி.

பினாங்கு ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துப் போகும்போதே ஜெரோம் சொன்னான்: "மாமாவுக்கு எம்மேல இன்னும் நம்பிக்க வரலடா. மூணு நாளு மனுசனா இருங்க, போதும்." நாங்கள் பலமாகத் தலையாட்டினோம். பேனரைப் பற்றி மூச்சுவிடவில்லை. சர்ப்ரைஸ் அல்லவா.

சனிக்கிழமை காலை ஜெரோம் கோட்டுப் போட்டுக்கொண்டு, போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஃபாதரைப் பார்க்க சர்ச்சுக்குள் போனான். நான் அதை சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வைத்தேன் (அன்று நான் செய்த ஒரே பொறுப்பான காரியம், அதுவும் வினையாயிற்று). பாலு சர்ச் கேட்டில் ஏறிப் பேனரை இழுத்துக் கட்டினான். சுருக்கமே இல்லாமல் பளபளவென்று நின்றது. கீழே, ஆழ்ந்த துயரில் வாடும் எங்கள் இருவரின் பெயரும் படமும்.

முதலில் ஒரு சீனப் பெரியவர் வந்தார். படத்தைப் பார்த்தார், தலை குனிந்தார், பாலுவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் மெல்ல ஏதோ சொன்னார். கண் கலங்கியிருந்தது. பாலு பல்லெல்லாம் தெரிய நன்றி சொல்லி, சாயங்காலம் விருந்துக்கும் வரச்சொல்லி அனுப்பினான். "இன்னா மரியாத பாரு மச்சான்" என்று உருகினான். பிறகு ஒரு கார் வந்தது. உள்ளே பட்டுப்புடவை கட்டிய அம்மாள். ஜன்னல் வழியாகப் படித்தார், வாயைப் பொத்திக்கொண்டார், கார் அப்படியே திரும்பிப் போய்விட்டது. மொய்க்கவரை மறந்துவிட்டு வந்திருப்பார் என்று நான் விளக்கம் சொன்னேன்.

நேரமாகியும் பெண் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஜெரோமின் போனை எடுத்துப் பார்த்தால் திரை முழுக்க மிஸ்டு கால், எல்லாம் மாமா. நானே கூப்பிட்டேன். எடுத்ததும் பின்னால் பெரிய அழுகைச் சத்தம் கேட்டது.

"பாடி எங்க இருக்கு?" என்றார் மாமா, உடைந்த குரலில்.

என் கண் தானாகப் பேனர் பக்கம் போனது. அந்த மாலை, அந்தக் குத்துவிளக்கு. அப்போதுதான் விஷயம் உறைத்தது. நிதானமாக விளக்க வேண்டும் என்று எண்ணித்தான் வாயைத் திறந்தேன்.

"உள்ள ஃபாதர்கிட்ட பேசிட்டிருக்குதுங்க."

அந்தப் பக்கம் போன் கீழே விழுந்தது.

ஓடிப்போய் ஜெரோமைக் கையோடு இழுத்துவந்து, பீடத்து மெழுகுவர்த்திகளுக்கு முன்னால் நிறுத்தி வீடியோ கால் போட்டேன். யாரோ எடுத்தார்கள். ஜெரோம் வாயைத் திறப்பதற்குள் நெட்வொர்க் சிக்கி, கண்ணை மூடிய நிலையில் அவன் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் மெழுகுவர்த்தி வேறு. அழுகை இரண்டு மடங்காகி, கால் கட்டானது.

ஜெரோம் வெளியே வந்து பேனரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திட்ட நேரமில்லாமல் ஓட ஆரம்பித்தான். பெண் வீடு இரண்டு தெரு தள்ளி. நானும் பின்னால் ஓடினேன். பாலு தடயத்தை அழிக்கிறேன் பேர்வழி என்று பேனரை அவிழ்த்து, மடிக்க நேரமில்லாமல் முதுகில் போர்த்திக்கொண்டு வந்தான். முன்னால் மாப்பிள்ளை, பின்னால் அவனுடைய கண்ணீர் அஞ்சலி. தெருவே நின்று பார்த்தது.

ஸ்டெல்லா வெள்ளைக் கவுனில் வாசலுக்கு வந்தாள். கண் மை கன்னம்வரை இறங்கியிருந்தது. ஜெரோமின் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நெஞ்சில் ஓங்கி ஒரு குத்துவிட்டாள். இப்படி ஒரு பெண்ணை அழவைத்துவிட்டோமே என்று எனக்கும் நிஜமாகவே அழுகை வந்தது.

அடுத்து மாமா வந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. பாலுவைத் திருப்பி நிறுத்தி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவன் முதுகை மேலிருந்து கீழ்வரை நிறுத்தி நிதானமாகப் படித்தார். கல்யாணம் நின்றது, என்னால் நின்றது என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

"ஆழ்ந்த துயரில்னு உங்க ரெண்டு பேரு பேருதான் இருக்கு" என்றார் கடைசியில். "காலையிலேருந்து அழுதவன் நானு. என் பேரு எங்க?"

ஜெரோம் அவர் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதான். நம்பிக்கை வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அந்த மாப்பிள்ளைக்காக மாரடித்து அழுதிருக்கிறார். இதற்குமேல் என்ன சம்மதம் வேண்டும்? கல்யாணம் தாமதமாக, ஆனால் ஜோராக நடந்தது. சாயங்கால விருந்துக்கு அந்தச் சீனப் பெரியவர் கறுப்புச் சட்டையில் வந்து, இறந்தவரே மேடையில் கேக் வெட்டுவதைப் பார்த்து நாற்காலியைத் தேடினார்.

இன்றுவரை ஜெரோமுக்குத் தும்மல் வந்தால்கூட ஸ்டெல்லா எனக்கு போன் பண்ணிவிடுவாள். "அண்ணா, சாதாத் தும்மல்தான். பேனர் கீனர் அடிச்சிடாதீங்க" என்பாள்.

பின்னாலிருந்து அவள் அப்பாவின் குரல் கேட்கும்: "அடிச்சா என் பேரு முதல்ல வரணும்னு சொல்லு."