ஆடியில் வந்த சூப்பர்வைசர்

எமகண்டம் முடிகிறவரை தும்மலை அடக்கிக்கொண்டு நின்ற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவரோடு நான் ஆறு வருஷம் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தேன். அன்றைக்கு எமகண்டம் முடிய ஏழு நிமிஷம் இருந்தது. மூக்கை இரண்டு விரலால் பிடித்தபடி, கண்ணில் நீர் கொட்ட, முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போகும்வரை அசையாமல் நின்றார். நேரம் முடிந்ததும் அவர் போட்ட தும்மலில் பேக்கிங் ஹாலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

எங்களுக்கு அவர் கேலண்டர் அண்ணாச்சி. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனி. பெயர் வேண்டாம், முதலாளி இன்னும் நன்றாக இருக்கிறார். அங்கே அண்ணாச்சி பேக்கிங் மேஸ்திரி. நான் ஆபீஸ் கிளார்க். இருவருக்கும் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அண்ணாச்சி தினமும் காலையில் வீட்டுக் கேலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார். அதனால் அவர் வீட்டுச் சுவரில் எப்போதும் நாளைய தேதிதான் தொங்கும். அவர் மனைவி இரண்டு முறை அமாவாசையை ஒரு நாள் முன்னாலேயே கும்பிட்டு முடித்துவிட்டதாகக் கேள்வி. செல்போனிலேயே ராகு காலம் எல்லாம் வருகிறதே என்று ஒருநாள் காட்டினேன். அதைக் கிழிக்க முடியுமா என்று கேட்டார். முடியாதுதான்.

வியாழக்கிழமை தெற்கே சூலம், அந்தப் பக்கம் பயணம் ஆகாது. ராஜபாளையம் எங்களுக்குத் தெற்கே. சூலத்துக்குப் பரிகாரம் தைலம் என்று கேலண்டரில் போட்டிருப்பதால், வியாழன்தோறும் அண்ணாச்சி தலையில் அரைப்படி நல்லெண்ணெயோடு வருவார். கண்டக்டர் அவரை ஜன்னலோரம் உட்கார விடமாட்டார். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், பரிகாரம் பால். வீடு திரும்பும்போது பாலுக்கு எங்கே அலைவது என்று காலையிலேயே ஒரு பொட்டலம் பால்கோவா வாங்கி வைத்துக்கொள்வார். அது பாலில் சேருமா என்று நான் சந்தேகம் கேட்டபோது, பாலைச் சுண்டக் காய்ச்சினால் அது பால் இல்லையென்று ஆகிவிடுமா என்று திருப்பிக் கேட்டார். பொட்டலத்தில் பாதி எனக்குக் கிடைத்து வந்ததால் நான் அதற்கு மேல் விவாதிக்கவில்லை.

முதலாளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதவி கொடுப்பதில் கர்ணன். சம்பளம் மட்டும் பின்னால் வரும். என்னைச் சீனியர் கிளார்க் ஆக்கி, தை பிறக்கட்டும், சம்பளத்தை ஏத்திக்கலாம் என்றார். எந்தத் தை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு தை வந்து பொங்கல் தின்றுவிட்டுப் போய்விட்டன.

ஆனி மாதக் கடைசியில் எங்கள் சூப்பர்வைசர் திருப்பூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். முதலாளி கேலண்டர் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து நீர்தான் சூப்பர்வைசர் என்றார். நான் பக்கத்தில் பில் புத்தகத்தோடு நிற்கிறேன். அண்ணாச்சி சம்பளம் எவ்வளவு என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. முதலாளியே சொன்னார்.

"ஆடி பொறக்கப் போகுது. நல்ல காரியம் எதையும் ஆடியில தொடங்க வேண்டாம். பதவி ஆர்டர், சம்பளம் எல்லாம் ஆவணியில பாத்துக்கலாம். வேலைய மட்டும் நாளைக்கே பாரும்."

அண்ணாச்சி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. பதவி கிடைத்ததற்கு இல்லை. முதலாளி இவ்வளவு சாஸ்திரம் பார்க்கிறவர் என்று தெரிந்ததற்கு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் கம்பெனியில் மேஸ்திரிக்கு ஓவர்டைம் உண்டு, சூப்பர்வைசருக்குக் கிடையாது. சம்பளம் ஏறாமல் பதவி மட்டும் ஏறினால், கையில் வருவது முன்னைவிடக் குறையும். அது போக, மேஸ்திரி வேலைக்கு மறுநாளே சேத்தூர்க்காரர் ஒருவரைப் போட்டுவிட்டார்கள். திரும்பிப் போக இடம் இல்லை. அண்ணாச்சியின் மகளுக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஆவணி பிறந்ததும் சேர வேண்டும். சம்பளம் ஏறினால்தான் அவளை அனுப்ப முடியும். இதையெல்லாம் பஸ்ஸில் எடுத்துச் சொன்னேன். முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றார். எனக்குக் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்றேன். அண்ணாச்சி என்னை இரக்கத்தோடு பார்த்து, அதை நான் நல்ல நேரம் பார்த்து வாங்கியிருக்க மாட்டேன் என்றார்.

ஆடி ஒன்றாம் தேதி முதல் அண்ணாச்சி செய்த வேலையை மூன்று சூப்பர்வைசர்கள் சேர்ந்தாலும் செய்ய முடியாது. துணி வெளுப்பதிலிருந்து பெட்டி கட்டுவது வரை எல்லா இடத்திலும் அவர்தான். ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். சூப்பர்வைசர் நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை. மேஜைக்குப் பக்கத்தில் நின்றபடியே எழுதினார், நின்றபடியே சாப்பிட்டார். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது கால் இரண்டும் உரல்போல வீங்கியிருக்கும். மூல வியாதி போலிருக்கிறது என்று நினைத்து, நாகரிகம் கருதி நான் விசாரிக்கவில்லை.

பத்து நாள் பிரச்சினை இல்லை. பழைய சூப்பர்வைசர் இருந்தபோது கட்டிய பெட்டிகள்தான் லாரியில் போய்க்கொண்டிருந்தன. பதினோராம் நாள் லாரி வந்தபோது புதுப் பெட்டிகளை ஏற்றப் போனார்கள். எங்கள் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு செக்கிங் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் சூப்பர்வைசர் கையெழுத்து இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் பெட்டியை இறக்கவே விடமாட்டார்கள். ஒரு சீட்டில்கூடக் கையெழுத்து இல்லை. நான் பதறிப்போய் அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் நிதானமாகச் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தார்.

"சூப்பர்வைசர்னு கையெழுத்துப் போடுதது நான் புதுசா தொடங்குத காரியம்லா. ஆடியில வேண்டாம்னு மொதலாளியே சொல்லிட்டாக. ஆவணி ஒண்ணாந்தேதி காலையில உக்காந்து அம்புட்டையும் போட்டுருவேன்."

நாற்காலியின் மர்மமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. லாரி வெறும் லாரியாகத் திரும்பிப் போனது.

நாலே நாளில் பேக்கிங் ஹால் நிறைந்தது. பிறகு வராண்டா. பிறகு சைக்கிள் நிறுத்துமிடம். வெளியூர் போயிருந்த முதலாளி திரும்பி வந்து காரை நிறுத்தி, ஆபீசுக்குள் போய் ஒரு காபி குடித்துவிட்டு வெளியே வருவதற்குள், காரைச் சுற்றி நாலு பக்கமும் பெட்டி அடுக்கியாகிவிட்டது. காரின் தலை மட்டும் தெரிந்தது. இந்தியாவிலுள்ள அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் முழங்கால் சிராய்த்தாலும் எங்களிடம் துணி இருந்தது.

முதலாளி வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ். கம்பெனியில் தெலுங்கு வந்தால் எல்லாரும் ஒதுங்கிக்கொள்வோம். நேராக அண்ணாச்சி நின்ற சூப்பர்வைசர் மேஜைக்கு வந்தார். "ஏமய்யா" என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் தெலுங்கிலேயே பேசினார். பிறகு தமிழுக்கு வந்து, உட்கார்ந்து கையெழுத்தைப் போடும் என்றார். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு, முதலாளி சொன்னதை முதலாளிக்கே திருப்பிச் சொன்னார். ஆடியில் நல்ல காரியம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்கள், அப்படித்தான் நடக்கிறேன், வேலை ஒன்றுகூடப் பாக்கி இல்லை என்றார்.

ஆடியாவது ஒன்றாவது என்று முதலாளி சொல்லிவிடலாம்தான். ஆனால் சுற்றி நாற்பது பேர் நிற்கிறோம். அதில் பாதிப் பேர் தை பிறக்கக் காத்திருக்கிறவர்கள், மீதிப் பேர் ஆடி கழியக் காத்திருக்கிறவர்கள். ஆடியில் ஒன்றும் இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், நாற்பது பேரும் அங்கேயே கையை நீட்டுவோம்.

"இப்பப் போடலைன்னா சூப்பர்வைசரும் கெடையாது, மேஸ்திரியும் கெடையாது. வீட்டுக்குப் போக வேண்டியதுதான், பாத்துக்கிடும்" என்றார்.

மதுரைக்குப் போக வேண்டிய அந்தப் பெண்ணின் முகம் கண்முன் வந்தது. அண்ணாச்சியின் முகம் வெளுத்துவிட்டது. பேனாவைப் பார்த்தார். கை அந்தப் பக்கம் போகவில்லை.

"நாள் சரியில்லாம போட்டு, அந்தத் துணி ஒரு நோயாளிக்குப் போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா என்ன செய்ய மொதலாளி?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த மனிதர் அதை நம்பித்தான் கேட்டார். முதலாளிக்கும் அது புரிந்திருக்க வேண்டும், குரல் இறங்கிவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை ஆடிப்பூரம், ஆண்டாள் பிறந்த நாள், அதுவும் ஆடியில்தானே வருகிறது, அன்றைக்குப் போடலாமே என்றார். வழி கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

அண்ணாச்சி முகமும் மலர்ந்துவிட்டது. "எங்க நாச்சியா பொறந்த நாளுக்கு மேல நல்ல நாளு ஏது? தாராளமா போடலாம். அப்ப ஆர்டரையும் சம்பளத்தையும் அன்னைக்கே போட்டுருங்க மொதலாளி. எதுக்கு ஆவணி வரைக்கும் போட்டுக்கிட்டு?"

முதலாளி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த நாற்காலியில் ஆடி மாதம் முதலில் உட்கார்ந்தவர் அவர்தான்.

பஸ்ஸில் நான் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். முதலாளியை நன்றாக மடக்கினீர்கள் என்றேன். அவர் அதிர்ந்துபோய் கையை உருவிக்கொண்டார். மடக்கினேனா, அவிய ஒரு நல்ல நாள் சொன்னாக, நான் ஆமான்னேன், இதில் மடக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். பிறகு ஊர் வரும்வரை கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு மழை மேகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். கம்பெனிக்கு லீவு. ஆனாலும் முதலாளி வந்தார், லாரிக்காரர்கள் வந்தார்கள், நான் வந்தேன். அண்ணாச்சி தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கூட்டத்தில் ஒரு செருப்பைப் பறிகொடுத்துவிட்டு வந்து சேர்ந்தார். நல்ல நேரம் ஒன்பதரையிலிருந்து பத்தரை. நான் கம்ப்யூட்டரில் ஆர்டரை அடித்தேன். முதலாளி சம்பளத் தொகையைச் சொன்னபோது அவர் குரலில் பல் பிடுங்குகிற வலி இருந்தது. பத்தேகாலுக்குக் கையெழுத்தானது. அண்ணாச்சி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார். பிள்ளைக்குத் துணிமணி வைக்க ஒரு பெட்டி வாங்கிவிடு என்றார். மறுமுனையில் அழுவது எனக்கே கேட்டது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சீட்டுகளை எடுத்து, பேனாவைத் திறந்தவர், திரும்ப மூடி வைத்தார்.

"நேரம் இன்னும் இருக்கு மொதலாளி. இந்தத் தம்பி ரெண்டு வருசமா சீனியரா இருக்கான். அவனுக்கும் ஒரு ஆர்டர் அடிச்சுட்டா, சேத்தே தொடங்கிருவேன்."

எனக்காகப் பேசும்படி அவரிடம் நான் கேட்டுக்கொண்டதே கிடையாது. முதலாளி என்னைப் பார்த்தார், வெளியே நின்ற லாரிகளைப் பார்த்தார். அடித்துத் தொலை என்றார், தெலுங்கில்.

விரல் ஓடவில்லை. என் பெயரையே இரண்டு முறை தப்பாக அடித்தேன். மூன்றாவது முறை பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டது. அதை உருவிக்கொண்டிருக்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நாற்பது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அண்ணாச்சியும் என்னோடு சேர்ந்து அதே கடிகாரத்தைத்தான் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன்.

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"பதறாம அடிய்யா. நேரம் கெடக்கு" என்றார்.