முதுகுக் கிளிப்

"குழந்தைய வெளிய எடுங்க. இந்தப் பைய மெஷின்ல போடணும்."

விமான நிலையச் சோதனை வாசலில் பெண் காவலர் சொன்னது அவ்வளவுதான். லிஃப்ட் மெக்கானிக் சிரித்துப் பார்த்தான்.

"இது பை இல்லீங்க. பேபி கேரியர். குழந்தைய நெஞ்சோட சேத்துக் கட்டிக்கிறது. இப்பதான் தூங்குறா."

"சரிங்க. குழந்தைய எடுங்க, கேரியர மெஷின்ல போடுங்க."

எடுப்பதில்தான் சிக்கல். கேரியருக்கு இடுப்பில் ஒரு பட்டை, தோளுக்கு இரண்டு. தோள்பட்டைகளைப் பின்னால் சேர்க்கும் கிளிப், மேலிருந்து வரும் கைக்கும் எட்டாமல் கீழிருந்து வரும் கைக்கும் எட்டாமல் முதுகின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது.

காலையில் வீட்டில் அதை மாட்டிவிட்டவர் மாமியார். 'டக்' என்று போட்டு, மிச்சப் பட்டையைச் சுருட்டிச் செருகி, முதுகில் இரண்டு தட்டு தட்டினார். டயப்பர் பையைக் குழந்தையின் தள்ளுவண்டியில் வைத்தார்.

"மாப்பிள்ளை, இது உங்க கைக்கு எட்டாதே. நானும் கூட வரட்டுமா?"

"எட்டும் அத்தை. கயிறு, கொக்கி, பட்டை, இதானே என் பொழப்பே. அந்தரத்துல பெல்ட் கட்டித் தொங்குறவன் நான்."

அந்தப் பெல்ட்டின் பின்கொக்கியைத் தினமும் உதவியாள்தான் மாட்டிவிடுகிறான் என்பதை அவன் சொல்லவில்லை.

"சரி, அப்ப நான் மத்தியான பஸ்ஸுக்கு ஊருக்குக் கிளம்பறேன்" என்றார் மாமியார்.

அவர் கூட வர முடியாததற்குக் காரணம் இருந்தது. மனைவிக்கு வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமை தாங்கும் வேலை கிடைத்திருந்தது. முன்னால் போய்ப் பயிற்சியும் முடித்துவிட்டாள். சேருவதா வேண்டாமா என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. போன வாரம் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"நான் நைட் ஷிஃப்ட் போனா நம்ம குண்டுப் பாப்பாவ நீங்கதான் பாத்துக்கணும். உங்களால முடியுமான்னு எனக்குத் தெரியணும். அம்மா வேண்டாம், தனியாக் கூட்டிட்டு வாங்க. வந்துட்டீங்கன்னா அந்த நிமிஷமே சேர்றேன்னு சொல்லிடறேன். முடியலேன்னா இப்பவே சொல்லுங்க. வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு நானே கிளம்பி வந்துடறேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார், "அந்த வேலை போயிடக் கூடாது மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். பிறகு மடித்த துண்டையே பிரித்து மறுபடியும் மடித்தார்.

"சார், பின்னாடி இருக்கறவர கிளிப்ப எடுத்துவிடச் சொல்லுங்க. கியூ நிக்குது" என்றார் காவலர்.

பின்னால் இருந்தவர் லேப்டாப்பைக் கீழே வைத்துவிட்டுக் கிளிப்பை இழுத்தார். கிளிப்போடு சட்டையும் சேர்ந்து வந்தது. முன்பக்கம் ஒரு பட்டன் தெறித்துப் போய் எங்கோ விழுந்தது. குண்டு கண்ணைத் திறந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

சோதனை முடிந்து அந்தப் பக்கம் வந்ததும், அலறும் குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் கேரியரைக் கட்டினான். இடுப்புப் பட்டை முறுக்கிக்கொண்டது. கையை விட்டால் குழந்தை நழுவும். முதுகைக் கூட்டத்துக்குக் காட்டி நின்றான்.

"யாராவது இந்தக் கிளிப்ப மாட்டி விடுங்களேன்."

'டக்' என்றது. முதுகில் இரண்டு தட்டும் விழுந்தது.

"ரொம்ப நன்றிங்க" என்று மெல்லத் திரும்பினான். எல்லோரும் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

விமானத்துக்குப் போகும் வாசலில் இருந்த பெண் போர்டிங் பாஸ் கேட்டாள்.

"உள்ள இருக்குங்க."

"எங்க உள்ள?"

"குழந்தைக்கு அடியில."

பத்திரமாக இருக்கட்டும் என்று கேரியரின் பாக்கெட்டில் வைத்திருந்தான். எங்கும் தொலையாத இடம்தான். எடுக்கவும் முடியாத இடம். அவளே வந்து கிளிப்பைக் கழற்றினாள். பாஸ் வெளியே வந்தது.

"இது ஏன் ஈரமா இருக்கு?"

அவன் குழந்தையைக் குனிந்து பார்த்தான். மெஷின் அதைப் படிக்க மறுத்துவிட்டது. அவள் பாஸின் ஒரு மூலையை மட்டும் பிடித்துக்கொண்டு நம்பரைத் தட்டச்சு செய்தாள்.

"தள்ளுவண்டிய மடிச்சு இங்கயே விட்டுடுங்க. இறங்குற ஊர்ல வாங்கிக்கலாம்."

ஒற்றைக் கையால் வண்டி மடியவில்லை. காலால் ஓர் உதை விட்டான். மடிந்தது. டயப்பர் பையையும் உள்ளே வைத்துக்கொண்டு மடிந்தது. திறந்தால் மறுபடி மடியுமா என்பது சந்தேகம். ஊழியர் அதற்குள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவன் திரும்பி நின்று முதுகைக் காட்டினான். 'டக்'. இரண்டு தட்டு. பின்னால் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது.

இருக்கையில் உட்கார்ந்ததும் விமானப் பணிப்பெண் வந்தாள்.

"சார், ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தை கேரியர்ல இருக்கக் கூடாது. மடியில வச்சு இந்தச் சின்ன பெல்ட்டப் போடணும்."

"இப்பதாங்க கட்டினேன்."

"இப்ப கழட்டணும் சார்."

அவளே கழற்றிவிட்டாள். குண்டு அழுதாள். மூன்று வரிசை தள்ளி யாரோ முகத்துக்கு நேராகப் பாதுகாப்பு அட்டையைப் பிடித்து வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். அந்த அட்டையில் அவ்வளவு நேரம் படிக்க ஒன்றுமில்லை. 'பாவம், என்னைவிடப் பயந்தவர்போல' என்று நினைத்துக்கொண்டான்.

மேகத்துக்கு மேலே போனதும் வாசனை வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைத் திறக்க முடியுமா என்பதுபோல் பார்த்தார்.

"டயப்பர் இருக்கா சார்?" என்றாள் பணிப்பெண்.

"இருக்கு. விமானத்துக்கு அடியில இருக்கு."

அவள் பின்னால் போய், ஒரு டயப்பரோடு திரும்பி வந்தாள். "ஒருத்தங்க குடுத்தாங்க."

அளவு சரியாக இருந்தது. 'நல்ல மனுஷங்க எங்கயும் இருக்காங்க' என்று அவனுக்குக் கண் கலங்கியது. அது வாசனையாலும் இருக்கலாம்.

விமானம் தரையிறங்கியது. நடைபாதையில் நின்று குழந்தையைக் கட்டிக்கொண்டான். இப்போது கேட்கக்கூட இல்லை, முதுகை மட்டும் காட்டினான். 'டக்'. இரண்டு தட்டு. கிளிப் போட்டால் தட்டிக் கொடுக்க வேண்டும் என்பது உலகத்துக்கே தெரிந்திருக்கிறது.

வெளிவாசலில் மனைவி நின்றிருந்தாள். முதலில் குழந்தையைப் பார்த்தாள். பிறகு அவன் சட்டையைப் பார்த்தாள்.

"தனியாவா வந்தீங்க?"

"பின்ன?"

"யாரும் உதவி பண்ணல?"

"அங்கங்க ஒரு கை குடுத்தாங்க. முன்னப்பின்ன தெரியாதவங்க."

குண்டு அம்மாவைப் பார்த்து, காலையிலிருந்து ஒரு தொந்தரவும் தராதவள்போலச் சிரித்தாள். மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நான்தான் உங்கள லேசா எடை போட்டுட்டேன். இருங்க, ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன்."

போனோடு தூண் பக்கம் நகர்ந்தாள். "சேர்றேன் மேடம், திங்கக்கிழமையே சேர்றேன்" என்பது அவனுக்குக் கேட்டது. நெஞ்சு நிமிர்ந்தது. குழந்தையும் சேர்ந்து நிமிர்ந்தது. அப்போதுதான் தள்ளுவண்டி உள்ளேயே கிடக்கும் ஞாபகம் வந்தது.

ஓடத் திரும்பினான். அதற்குள் ஒரு சுமைதூக்கும் ஊழியர் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவனிடமே வந்தார். வண்டி ஒழுங்காகப் பிரித்து நிறுத்தப்பட்டிருந்தது. டயப்பர் பை அதன் கைப்பிடியில் தொங்கியது. ஊழியர் அவன் சட்டையில் பட்டன் இல்லாததை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார்.

"சார், உங்க மாமியார் இதக் குடுக்கச் சொன்னாங்க. இனிமே கிளிப்ப நீங்களே போட்டுப் பழகிக்கணுமாம், அவங்களுக்குத் திரும்பிப் போற ஃபிளைட்டுக்கு நேரமாச்சாம்."