ஏழு ஆட்டத்தில் ஐந்துக்கு இரண்டு

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மருந்தில்லாத வருத்தம். வயதில் மூத்தவர் யாராவது "இது உமக்குத் தெரியும்தானே?" என்று கேட்டால், மூளை யோசிக்கத் தொடங்கும் முன்பே வாய் "ஓம்" என்று சொல்லிவிடும். இந்த ஓமினால் ஒஸ்லோவின் வெஸ்ட்லிப் பகுதியில் முன்பின் தெரியாத ஒருவரின் அறுபதாவது பிறந்தநாளில், அவருடைய நல்ல குணங்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியிருக்கிறேன். (பேசி முடித்த பிறகுதான் பிறந்தநாள்காரர் எந்த மேசையில் இருக்கிறார் என்று கண்டுபிடித்தேன்.) ஆனால் அவையெல்லாம் சின்ன ஓம்கள். பெரிய ஓம் ஒன்று இருக்கிறது. அதைத் தொலைபேசியில் டொரொன்டோவுக்குச் சொன்னேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ஒஸ்லோவை ஒட்டிய லோறென்ஸ்கூக்கில் அம்மா அப்பாவோடு இருந்துகொண்டு, ஒஸ்லோ நகருக்குள் ஒரு கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. ஒருநாள் உடைந்த கண்ணாடியோடு தாரணி வந்தாள். டொரொன்டோவில் வளர்ந்தவள், ஒரு வருடப் படிப்புக்கு ஒஸ்லோ வந்திருந்தாள். கண்ணாடியை ஒரு மணித்தியாலத்தில் திருத்தியிருக்கலாம். நான் மூன்று முறை வரவைத்தேன். நான்காவது முறை அவள் கண்ணாடி உடையாமலே வந்தாள். எட்டு மாதத்தில் விஷயம் அவளுடைய அப்பா வரைக்கும் போய்விட்டது.

அப்பாவின் பெயர் சிவனேசன். டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் பேருந்து ஓட்டுகிறவர். அவருக்கு உலகத்தில் இரண்டு விஷயங்கள்தான் முக்கியம். ஒன்று குடும்பம், மற்றது பேஸ்போல். எது முதலாவது என்று தாரணியின் அம்மா, என் மாமியே இன்றுவரை நிச்சயமாகச் சொல்லமாட்டா. முதல்முதலாக என்னோடு தொலைபேசியில் கதைத்தபோது, ஊர், வேலை, சொந்தபந்தம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியாகக் கேட்டார்:

"தம்பி, நீர் பேஸ்போல் பாக்கிறனீரோ?"

"ஓம் அங்கிள். சின்னனிலையிருந்து பாக்கிறனான்."

சின்ன வயதிலிருந்து! நோர்வேயில் பேஸ்போல் மட்டையை நான் கண்டது படங்களில் மட்டும்தான், அதுவும் அடியாட்களின் கையில். எங்கள் வீட்டில் விளையாட்டு என்றால் கிரிக்கெட். அப்பா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு முதல் ஆளாக இறங்கி அடித்தவர். ஒஸ்லோவில் கோடையில் கிடைக்கிற எட்டு நல்ல ஞாயிற்றுக்கிழமைகளையும் புல்வெளியில் பாய் விரித்து, விக்கெட் நட்டுச் செலவழிக்கிற கூட்டம் எங்களுடையது.

தாரணிக்குச் சொன்னபோது தலையில் கைவைத்தாள்.

"உமக்குப் பேஸ்போலும் தெரியாது, பொய் சொல்லவும் தெரியாது. இப்பவே எடுத்துத் தெரியாதெண்டு சொல்லும். அக்காவுக்குப் பேசி வந்த முதல் ஆள் படிப்பைப் பற்றி ஒரு பொய் சொன்னவர். மண்டபமெல்லாம் பதிஞ்ச பிறகு அப்பா அந்தக் கலியாணத்தை நிப்பாட்டினவர். தெரியுமோ?"

"நாளைக்குச் சொல்லுறன்" என்றேன்.

அந்த நாளைக்குள் சீட்டு வந்துவிட்டது. சிவனேசன் அங்கிள் வீட்டில் ஒவ்வொரு ஒக்டோபரும் ஒரு வழக்கம். பேஸ்போலின் கடைசிக் கட்ட ஆட்டங்கள் தொடங்கும்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒரு பெரிய தாளை ஒட்டுவார்கள். வீட்டாரும் அவருடைய கூட்டாளிகளும் எந்த அணி எதை வெல்லும் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். அங்கிள் தன் கையால் மையில் எழுதுவார். எழுதியதை மாற்றமுடியாது. பரிசு ஒன்றும் இல்லை, மானம் மட்டும்தான். மூத்த மருமகனுக்கே கலியாணமாகி இரண்டாம் வருடம்தான் அந்தத் தாளில் ஓர் இடம் கிடைத்ததாம். எனக்கோ கலியாணம் பேசுவதற்கு முன்பே இடம். தாளின் படத்தை அனுப்பி, "தம்பி, உம்முடைய கணிப்புகளைச் சொல்லும்" என்று எழுதியிருந்தார்.

முதலில் வாசித்துப் பார்த்தேன். மூன்று மணித்தியாலம் வாசித்தேன். பந்து எறிகிறவரைப் பற்றி மட்டும் பதினேழு விதமான கணக்கு இருந்தது. அதை மூடிவைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே முறையில் இறங்கினேன். எந்த ஊரில் எங்களுக்குச் சொந்தம் இருக்கிறது?

சிக்காகோவில் சின்னம்மா இருக்கிறா. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மறக்காமல் அழைப்பா. எதிரில் யார் வந்தாலும் சிக்காகோ வெல்லும். நியூயோர்க்கா லொஸ் ஏஞ்சல்ஸா என்று ஓர் இடத்தில் வந்தது. லொஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிற அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி எங்கள் வீட்டில் மூன்று கிழமை நின்றுவிட்டு, போகும்போது அம்மாவின் சோறு குழைவு என்று சொன்னவர். நியூயோர்க் வென்றது. சொந்தமே இல்லாத ஊர்கள் தங்களுக்குள் மோதினால், பெயரைச் சொல்ல இலகுவான ஊர் வெல்லும். டொரொன்டோவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெண் கேட்கிற ஊர்.

முதற் சுற்றுகளில் ஆறு கணிப்பு. ஐந்து சரி!

ஸ்கார்பரோ கலங்கிப்போனது. முப்பது வருடமாகப் பார்க்கிறவர்களெல்லாம் மூன்றிலும் இரண்டிலும் நிற்க, முதலிடத்தில் ஒஸ்லோப் பெடியன். அங்கிளின் கூட்டாளிகள் என்னைத் தேடி அழைக்கத் தொடங்கினார்கள். "தம்பி, எறியிறவரை மாத்துவினமோ?" என்று கேட்பார்கள். "பாப்பம் அங்கிள்" என்பேன். கொஞ்சம் பொறுத்து, "அவசரப்படக்கூடாது" என்பேன். இந்த இரண்டு வசனத்தோடு ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போகலாம் என்று தெரிந்தால் நீங்கள் அதிர்ந்துபோவீர்கள். எனக்கே தலைக்கேறிவிட்டது. ஒருநாள் தாரணிக்குப் பேஸ்போலைப் பற்றி விளக்கம் சொன்னேன். அவள் என்னை ஒரு விதமாகப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

இந்த நேரத்தில்தான் அங்கிளும் மாமியும் ஒஸ்லோ வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கிற பயணம். டிக்கெட் வைகாசியிலேயே போட்டதாம். அதற்குள் டொரொன்டோ அணி அரையிறுதிக்கு வந்துவிட்டது. எதிரணி கன்சாஸ் சிட்டி. ஏழு ஆட்டத் தொடர். அங்கிள் ஒஸ்லோவில், அணி அங்கே. மனிதர் விமான நிலையத்தில் எங்களைப் பார்த்த பார்வையில் பாதிச் சோகம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லோறென்ஸ்கூக்கில் சாப்பாடு. அம்மா ஆட்டிறைச்சியும் கத்தரிக்காயும் கணவாயும் என்று மேசையை நிரப்பியிருந்தா. எல்லாம் நன்றாகப் போனது. அவர்களுக்கு வீட்டைப் பிடித்தது, அம்மாவின் சோற்றைப் பிடித்தது, அப்பாவைப் பிடித்தது. சாப்பாடு முடியும் நேரம் மாமி தாரணியின் கையைப் பிடித்து மெல்லச் சிரித்தா. கரை சேர்ந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அங்கிள் கைகழுவிவிட்டு வந்து சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். ஸ்கார்பரோவின் அசல் தாள்! எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் அதை ஒட்டி, பேனையைத் திறந்தார்.

"தம்பி, அரையிறுதிக்கு வெல்லுற ஆளை மட்டும் சொன்னாக் காணாது. எத்தினைக்கு எத்தினை எண்டும் சொல்லவேணும். ஆர்?"

"டொரொன்டோ, அங்கிள்."

"எத்தினைக்கு எத்தினை?"

ஏழு ஆட்டம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நாலுக்கு மூன்று என்றால் அவருடைய அணியை நான் நம்பாத மாதிரி இருக்கும். ஏழுக்குப் பூச்சியம் என்றால் வால்பிடிக்கிறேன் என்று நினைப்பார். நடுவில், கௌரவமாக ஒன்று.

"ஐஞ்சுக்கு ரெண்டு."

மாமி பாயசம் கலக்குவதை நிறுத்திவிட்டா. தாரணி கண்ணை மூடினாள். அங்கிளின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பயணச்சீட்டில்லாமல் ஏறியவனைக் கண்ணாடியில் கண்டுவிட்ட சாரதி மாதிரி நிதானமாகக் கேட்டார்:

"நாலு மட்ச் வெண்ட பிறகும் விளையாடுவினமோ?"

"விளையாடத்தானே வேணும் அங்கிள். ஏழு எண்டெல்லோ தொடர்."

"அப்ப அந்த ரெண்டு?"

இங்கேயாவது நான் வாயை மூடியிருக்கவேண்டும். மூடவில்லை. காலுக்கு மேல் கால் போட்டேன்.

"தொடர் கைக்கு வந்திட்டா, புதுப் பெடியளை இறக்கிப் பாப்பினம். அதிலைதான் கடைசி ரெண்டையும் கோட்டை விடுவினம்."

"சரியாச் சொன்னாய்!" என்று அப்பா குதித்தார். "பெரிய ஆக்களுக்கு ஓய்வு குடுக்கிறதுதானே முறை. நாங்களும் உப்பிடித்தான் செய்தனாங்கள்." எனக்கு உற்சாகம் பிறந்தது.

"மழை வந்தா?" என்றார் அங்கிள்.

"மழை வந்தா டிரோ."

தாரணி எழும்பிப் போய் ஜன்னலடியில் நின்றாள். முதுகு குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அங்கிள் பேனையை மூடிவிட்டு என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, இது கிரிக்கெட் இல்லை. ஏழு எண்டுறது ஆகக்கூடினது. ஆர் முதல் நாலு வெல்லுகினமோ, அதோடை சரி. எல்லாரும் வீட்டை போயிடுவினம். ஏழு மட்ச் தொடரிலை ஐஞ்சாவது வெற்றி எண்டு ஒண்டு இல்லை. டிரோவும் இல்லை. சின்னனிலையிருந்து பாக்கிற ஆளுக்கு இது தெரியாமல் இருக்காது."

என் மானம் கப்பலேறி லோறென்ஸ்கூக்கைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப ஆறிலை ஐஞ்சு எப்பிடிச் சரிவந்தது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிக்காகோச் சின்னம்மா, லொஸ் ஏஞ்சல்ஸ் சித்தப்பா, குழைந்த சோறு. ("நான் சொன்னனானெல்லோ, அந்த மனிசன் உருப்படாதெண்டு" என்று அம்மா நடுவில் ஒரு குரல் கொடுத்தா.)

"டொரொன்டோ?"

"டொரொன்டோவிலை பெரியப்பா இருக்கிறார். என்ரை அக்காவின்ரை கலியாணத்துக்கு வரேல்லை. முறைப்படி பாத்தா டொரொன்டோ முதல் சுற்றிலையே தோத்திருக்க வேணும். உங்களுக்காக மாத்தினனான், அங்கிள்."

அப்பா நிலத்தைப் பார்த்தார்.

"பேஸ்போல் தெரியாதது குற்றமில்லை" என்றார் அங்கிள். குரல் மாறியிருந்தது. "எனக்குக் கிரிக்கெட் தெரியாது. ஆனா நான் கேட்டனான், நீர் ஓம் எண்டனீர். ஒரு பொய்க்காகத்தான் மூத்தவளின்ரை சம்பந்தத்தை நான் விட்டனான்."

தாரணியை இழக்கப்போகிறேன், அதுவும் நான் ஒரு நிமிடம்கூடப் பார்க்காத ஒரு விளையாட்டுக்காக. இதைவிட மடத்தனமாக யாராவது தன் வாழ்க்கையைக் கெடுத்திருப்பார்களா என்று நினைத்தேன். வெட்கத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது.

தாரணி ஜன்னலடியிலிருந்து திரும்பினாள்.

"இவர் சொன்னது பொய்தான். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான், கேக்கேல்லை. நான் அதுக்கு இவரோடை பிறகு கதைக்கிறன்." (கதைத்தாள். ஒரு கிழமை கதைத்தாள்.) "ஆனா அப்பா, நீங்கள் ஒவ்வொரு வருசமும் சீட்டிலை டொரொன்டோ வெல்லும் எண்டு எழுதுறனீங்கள். அப்ப ஏன் வைகாசியிலை ஒக்டோபருக்கு டிக்கெட் போட்டனீங்கள்?"

அங்கிள் பேனையைத் திறந்து மூடினார்.

"டொரொன்டோ இவ்வளவு தூரம் வராதெண்டு உங்களுக்குத் தெரியும். அப்ப இருபது வருசமா அந்தச் சீட்டிலை ஆர் பொய் சொன்னது?"

முதலில் சிரித்தது மாமி. "நான் அப்பவே சொன்னனான், நவம்பரிலை போடுங்கோ எண்டு. 'உவங்கள் எங்கை வரப்போறாங்கள்' எண்டு சொன்னதும் இந்த வாய்தான்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. பிறகு அம்மா. பிறகு, என்ன நடந்தது என்று பாதி விளங்காமலே அப்பா. கடைசியில் அங்கிளின் மீசை துடித்தது.

அவர் எழும்பிப் போய் என் பெயருக்கு எதிரே பெரிதாக எழுதினார்: டொரொன்டோ, 5–2.

"அங்கிள், பிழையெண்டு தெரிஞ்சும் எழுதுறியளே?"

"சொன்னது சொன்னதுதான். சீட்டிலை ஒண்டும் மாத்தேலாது" என்றார். பேனையைப் பைக்குள் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அங்கிள் எண்டுறதை வேணுமெண்டா மாத்தலாம். மாமா எண்டு சொல்லும்."

கண் பரிசோதிக்கிறவன் கண்ணில் நீர் வந்ததை அன்று எல்லோரும் பார்த்தார்கள்.

அந்தத் தொடரில் டொரொன்டோ நாலுக்கு இரண்டு என்று தோற்றது. என் கணிப்பில் அந்த இரண்டு மட்டும் சரி, ஆனால் அது டொரொன்டோவின் இரண்டு. கலியாணத்தைத் தை மாதத்தில் வைத்தோம். பேஸ்போல் இல்லாத மாதம் என்பதால் மாமாவே பார்த்துச் சொன்ன நாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஒக்டோபரும் ஸ்கார்பரோவிலிருந்து சீட்டின் படம் வரும். என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. என் பெயருக்கு எதிரே எல்லாத் தொடருக்கும் மாமாவே மையில் எழுதியிருப்பார்: 5–2. மூன்று ஆட்டத் தொடருக்கும் 5–2தான். வருடம் தவறாமல் நான் கடைசி. எங்கள் மகளுக்கு இப்போது ஏழு வயது. தொப்பியின் நிறத்தைப் பார்த்துக் கணிக்கிறாள். அவளும் என்னைவிட மேலே. பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று நான் சொன்னாலும், "அப்பான்ரை ஐஞ்சுக்கு ரெண்டு" என்பாள்.

போன ஒக்டோபரில் படம் வந்தபோது என் இடம் வெறுமையாக இருந்தது. மற்ற எல்லோருக்கும் எழுதியிருந்தது, எனக்கு மட்டும் இல்லை. திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடையில் ஒருவர் கண் பரிசோதனைக்குக் காத்திருந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போய் அழைத்தேன். என்ன பிழை விட்டேன், எதற்கு ஓம் சொன்னேன் என்றெல்லாம் மனம் ஓடியது.

"மாமா, என்ரை பேருக்கு எதிரை ஒண்டும் இல்லை. ஏதும் கோவமே?"

"மை முடிஞ்சு போச்சு, தம்பி" என்றார். "பொறும், பேனை வாங்கத்தான் கடைக்கு வந்து நிக்கிறன்."

அரை மணித்தியாலத்தில் புதுப் படம் வந்தது. எல்லா இடத்திலும் ஐந்துக்கு இரண்டு. அதற்குப் பிறகுதான் எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கியது.