பெரியத்தைக்கு வந்த கோடிச் சேலை

எங்கள் ஊர்ப் பக்கம் பழைய துணி வாங்குகிறவர்கள் கிழிசல் இருக்கிறதா, சாயம் போயிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், உடுத்தினவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். இந்தச் சின்ன உண்மை தெரியாமல் கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் பழைய துணி விற்கக் கிளம்பியவள் நான். தெரிந்த பிறகு செய்த காரியத்தை நினைத்தால், இன்றைக்கும் முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கல்யாணத்துக்கு முன் திருப்பூரில் இரண்டு வருடம் டிசைன் பிரிவில் வேலை பார்த்தேன். (டிசைன் பிரிவு என்றால், டிசைன் செய்கிறவர்களுக்குப் பக்கத்து மேஜை.) அந்தப் பெருமையோடு வாழ வந்தவளுக்கு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. 'மறுசுற்று' என்று ஃபோனில் ஒரு பேஜ் ஆரம்பித்தேன். ஒரே ஒரு விசேஷத்துக்கு உடுத்திவிட்டு பீரோவில் பூட்டி வைத்திருக்கும் லெஹங்கா, குர்த்தி, பட்டுச்சேலை எல்லாவற்றையும் தெரிந்தவர்களிடம் வாங்கி, தேய்த்து மடித்து, படம் எடுத்துப் போட்டு விற்பதுதான் திட்டம்.

என் மாமியாருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸ்காரர்களும் மில்காரர்களும் குடியிருக்கிற தெருவில் 'பழைய துணிக்காரி வீடு' என்று பெயர் விழுந்துவிடும் என்று ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் பேசவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"சரி, செய்யி. ஆனா இந்தத் துணியால குடும்பத்துக்கு ஒரு பேச்சு வந்துச்சோ, அன்னைக்கே மூடிரணும்."

தலையாட்டினேன். அந்த ஊரில் எனக்கென்று நானே உண்டாக்கிக்கொண்டது அந்தப் பேஜ் ஒன்றுதான். அதை யாரும் மூட வைக்கிற மாதிரி நடந்துகொள்ள மாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

முதல் ஃபோன் ஒரு பச்சைக் குர்த்திக்காக வந்தது. "யக்கா, கலரு நல்லாருக்கு. இத உடுத்துனவிய இருக்காவளா?" என்றது ஒரு குரல். எங்கே என்று கேட்டேன். "எங்கயாவது இருக்காவளான்னுதான் கேக்கேன்" என்று பதில் வந்தது.

அப்புறம்தான் புரிந்தது. செத்தவர் துணி என்றால் இனாமாகக் கொடுத்தாலும் தொட மாட்டார்கள். எல்லாப் படத்துக்கும் கீழே 'உடுத்தியவர் நலமாக இருக்கிறார்' என்று ஒரு வரி சேர்த்தேன். அது போதவில்லை. சுமங்கலியா, பிள்ளைகுட்டி உண்டா, சீக்காளியா என்று விசாரணை நீண்டது. துணிக்கடை போட்டவள் கிராம நிர்வாக அலுவலர் மாதிரி ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன். இது சரிப்படாது, இனி உடுத்தியவர் படத்தையே போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முதலில் சிக்கியவர் பெரியத்தை சண்முகத்தாய். என் மாமியாருக்கு அக்கா. இடைசெவலில் பருத்தியும் உளுந்தும் போட்டு, காட்டையும் பெரிய மாமாவையும் ஒரே குரலில் மேய்க்கிறவர். புகுந்த வீட்டில் என் கடையை ஆதரித்த ஒரே ஜீவன். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பட்டு ஒன்றைத் தூக்கிக் கொடுத்து, "இந்த மஞ்ச எனக்கு இனி ஒத்து வராது. வித்துக்கோட்டி" என்றார். அதை உடுத்தச் சொல்லிப் படம் எடுத்தேன். கொஞ்சம் சிரியுங்கள் என்றதற்கு, "நீ சேலைய விக்கியா, எம் பல்ல விக்கியா?" என்று கேட்டுவிட்டு, ஆதார் அட்டைக்கு நிற்பதுபோல் நேராக முறைத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் டிசைன் பிரிவுக்குப் பக்கத்து மேஜையில் இருந்தவள் ஆயிற்றே. பழைய கால அழகு வரட்டும் என்று பெரியத்தையைக் கறுப்பு வெள்ளையாக்கி ஒரு வட்டத்துக்குள் வைத்தேன். சேலை மஞ்சளுக்கு எடுப்பாக வட்டத்தைச் சுற்றிச் செவ்வந்திப் பூ வைத்தேன். கீழே பெயர், ஊர். அதற்கும் கீழே, கோவில்பட்டியில் எங்கள் வீட்டு விலாசமும் மாலை நான்கு மணி வரை வந்து பார்க்கலாம் என்ற தகவலும். விலையும், 'உடுத்தியவர் நலமாக இருக்கிறார்' என்ற வரியும் அழகைக் கெடுத்ததால், சேலைப் படத்தோடு சேர்த்து இரண்டாவது படத்தில் போட்டேன். இரண்டாவது படத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

காலை பத்து மணிக்கு ஸ்டேட்டஸிலும் குடும்பக் குரூப்பிலும் ஏற்றினேன். பத்தே நிமிடத்தில் கும்பிடுகிற கைகளாக வந்து குவிந்தன. பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, நானும் ஆளுக்கொரு கும்பிடு திருப்பிப் போட்டேன். பிறகு ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு, மாடியில் துணி காயப்போடப் போய்விட்டேன்.

துட்டிக்கு, அதாவது சாவுக்குப் போகிற விஷயத்தில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. துக்க வீட்டுக்கு ஃபோன் போட்டு, நிஜமாகவே செத்துவிட்டாரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது மரியாதையில்லை. பேசாமல் கிளம்பி வந்துவிடுவார்கள்.

பன்னிரண்டு மணி வாக்கில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. குளத்தூர் மாமா இறங்கினார். அவர் என் மாமியாருக்கும் பெரியத்தைக்கும் தம்பி. கையில் ஆளுயர மாலை, கக்கத்தில் ஒரு பை. பின்னால் ஏழெட்டுப் பெண்கள். கதவைத் திறந்த என் மாமியாரைக் கட்டிக்கொண்டு, அக்கா போய்விட்டாளே என்று ஓலமிட்டார்கள். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்து, இங்கேயே முடிந்திருக்கும் என்று அவர்களே வழியில் பேசி முடிவுகட்டியிருந்தார்கள். என் மாமியார் ஒரு கணம் திகைத்தார். அடுத்த கணம் நடு வீட்டில் சரிந்து உட்கார்ந்து அவரும் அழ ஆரம்பித்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த நானும், விஷயத்தைக் கேட்டு, கதறிக் கதறி அழுதேன். (கொன்றதே நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.)

எப்படித் தெரிந்தது என்று விம்மலுக்கிடையே கேட்டேன். மாமா ஃபோனை நீட்டினார். கறுப்பு வெள்ளையில், பூக்களுக்கு நடுவே, பெரியத்தை என்னை முறைத்துக்கொண்டிருந்தார். அழுகை அப்படியே நின்றுவிட்டது. உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஒப்பாரி ஆரம்பித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறார் பெரியத்தை. சேலை விலை போயிற்றா என்று பார்க்க வந்தவர், வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தார். யாருக்கு என்ன என்று கேட்கவில்லை. (முதலில் அழுகை, பிறகுதான் விசாரணை.) முந்தானையில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்த கூட்டத்தோடு உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த குளத்தூர்ப் பெண்ணின் தோளில் கைபோட்டு, கொஞ்ச நேரம் நன்றாக அழுது தீர்த்துவிட்டுக் கேட்டார்.

"யாருட்டி போனது?"

"நம்ம சண்முகத்தாய்க்கா" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று.

பிறகு எல்லாம் வெளிவந்தது. பெரியத்தை மாமாவின் ஃபோனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் மாமியார் மூக்கைச் சிந்தி எழுந்து, "இன்னைக்கே மூடிரு" என்றார். நிபந்தனை நிபந்தனைதானே. ஒரு பேச்சு என்ன, ஒரு வேன் நிறையப் பேச்சு வந்திருந்தது. அப்போது வந்த அழுகை எனக்காக வந்தது.

பெரியத்தை அதைக் கவனிக்கவில்லை. மாமாவின் கக்கத்தில் இருந்த பையை உருவி, உள்ளே இருந்த சேலையை விரித்து, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னலே?"

"கோடிக்கா. பொறந்த வீட்டுக் கோடி" என்றார் மாமா. செத்த அக்காளுக்குத் தம்பி கொண்டுவந்து போர்த்த வேண்டிய புதுச் சேலை.

"பாலியஸ்டரு. எனக்குக் கடைசியா எடுக்கிற சேலைன்னு இத எடுத்தியா? இதுல நான் மொளவா வத்தல் கூடக் காயப் போட மாட்டேன்லே."

"அவசரத்துலக்கா…" என்று இழுத்த மாமா, அதோடு நிறுத்தாமல், "எப்படியும் எரியப் போறதுதானன்னு…" என்று முடித்தார்.

எல்லார் பார்வையும் என்னை விட்டு மாமா மேல் திரும்பியது. இதுவரை எனக்காக யாரும் அவ்வளவு பெரிய உதவி செய்ததில்லை.

பெரியத்தை என் மாமியார் பக்கம் திரும்பினார். "எதுக்குட்டி மூடணும்? இந்தப் புள்ள படம் போட்டதாலதான் நான் இருக்கும்போதே இவன் லட்சணம் தெரிஞ்சுது. நெசமாவே போயிருந்தா இதச் சுத்திக்கிட்டுல்லா போயிருப்பேன்?"

மூத்தவள் சொல்லுக்கு மறுசொல் இல்லை. என் மாமியார் காபி போட உள்ளே போனார். கடை பிழைத்தது. மாமாவை அன்று சாயங்காலமே பஜாரில் ஒரு பட்டுக்கடைக்கு இழுத்துப் போய், கடைக்காரர் சலிக்கும்வரை புரட்டி, அசல் பட்டாக ஒன்றை எடுத்துக்கொண்டார் பெரியத்தை. சாவுக்கு வரவேண்டியதை உயிரோடு வாங்கியவர் தாலுகாவிலேயே தான் ஒருத்திதான் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறார். பாலியஸ்டர் சேலையைத் திருப்பி எடுத்துப்போக யாரும் சம்மதிக்கவில்லை. வேன் டிரைவர் கூட வண்டி துடைக்க வேண்டாம் என்றுவிட்டார்.

சொல்ல மறந்துவிட்டேன். அந்த மாம்பழ மஞ்சள் பட்டு அன்றைக்கே விற்றுப்போயிற்று. வாங்கியது மயங்கி விழுந்த குளத்தூர்ப் பெண். உடுத்தியவர் இருக்கிறாரா என்று அவள் கேட்கவே இல்லை.

போன மாதம் மாமா எடுத்துக் கொடுத்த பட்டையும் விற்பதற்காகப் பெரியத்தை கொண்டுவந்தார். மூன்று கல்யாணம் பார்த்தாயிற்றாம், போதுமாம். பயந்துகொண்டே ஃபோனை எடுத்தேன். கேட்காமலேயே முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

"படம் நல்லா விழட்டும்ட்டி. இல்லன்னா அவன் மறுபடியும் பாலியஸ்டரத் தூக்கிக்கிட்டு வந்துருவான்."