ஏழு மஞ்சள் தொப்பிகளும் ஓர் ஐவிக் கிளையும்

கண்ணா, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ நிதானமாகப் படிக்கலாம்: ஏழு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

அன்புள்ள அண்ணன் மகன் ராய்கோவுக்கு, அத்தை மிலோய்கா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் கோழிகளும் சுகம். கணுக்கால் நீங்கலாக நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நீ "ஐயோ அத்தை, ஐயோ அத்தை" என்பாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நம் பங்குச் சாமியார் நாளை ஆஸ்பத்திரிக்கு வருகிறார், அவர் கையில் இதையும் அரைக் கிலோ பாலாடைக் கட்டியும் கொடுத்தனுப்புகிறேன்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. "அத்தை, இது நான் சைக்கிள்ல கூட்டிட்டுப் போற முதல் கூட்டம். அதுல ஹன்னெகேன்னு ஒரு அம்மா வருவாங்க, சுற்றுலாக் கம்பெனியே அவங்களதுதான். அவங்களுக்குப் பிடிச்சா இந்தக் கோடைக்கு இன்னும் நாலு கூட்டம் எனக்கு. பிடிக்கலைன்னா ஒண்ணாம் தேதி நான் ஆஸ்திரியாவுக்குக் கண்ணாடித் தொழிற்சாலை வேலைக்குப் போயிடுவேன்" என்றாய். சைக்கிள் வழிகாட்டி ஒருவன் சைக்கிளிலிருந்து விழுந்திருந்தால்கூட ஒரு மரியாதை, செர்ரி மரத்திலிருந்து விழுந்தாயே என்று அப்போது நான் திட்டவில்லை. நீ ஆஸ்திரியாவுக்குப் போய்விட்டால் மேல் தோட்டத்துத் திராட்சைக் கொடிகளை யார் வெட்டுவது, ஞாயிற்றுக்கிழமை என் எதிரே யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்றுதான் நினைத்தேன். "நான் கூட்டிட்டுப் போறேன்டா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கூட்டம் வந்த அன்று காலை ஏழு மணிப் பூசையில் உனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஒன்பதுக்குக் கோவில் வாசலில் ஏழு பேர், ஏழு மஞ்சள் தலைக்கவசம், ஏழு பேட்டரி சைக்கிள். எல்லாரும் ஹாலந்துக்காரர்கள், எல்லாரும் என்னைவிட ஒரு முழம் உயரம். நான் பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் நிற்கும் என் பழைய சைக்கிளில், கைப்பிடியில் செபமாலையைச் சுற்றிக்கொண்டு, முன்னால் போனேன். ஏற்றத்தில் அவர்கள் காற்றுப் போலப் போய்விட்டு மேலே நின்று எனக்காகக் கை தட்டுவார்கள். இறக்கத்தில் நான் முந்திவிடுவேன், அது திறமையால் அல்ல, பிரேக் சரியாகப் பிடிக்காததால். வழியில் இருந்த மூன்று மாதா கெபியிலும் நிறுத்தி ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லவைத்தேன். அவர்கள் வேறு சபையாம். மாதாவுக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை.

நீ எழுதிக் கொடுத்த தாள் கூடையில் பத்திரமாக இருந்தது. மூக்குக் கண்ணாடிதான் கோவிலில் பாட்டுப் புத்தகத்துக்குள் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், இத்தாலியில், அந்தப் பெரிய நிலவறையில் மது ருசி பார்க்கவேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. அங்கே துப்புவதற்கு ஒரு வாளி வைப்பார்களாமே? ஆண்டவர் திராட்சையைக் கொடுத்தது வாளியில் துப்பவா? அந்த எரிச்சலிலேயே பழைய எல்லைச் சாவடியைக் கடந்தேன். அங்கே இப்போது ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் அந்தக் காலத்தில் நானும் உன் அப்பாவும் இத்தாலியில் த்ரியெஸ்தே நகரத்திலிருந்து உடுப்புக்குள் காப்பிப் பொட்டலம் ஒளித்துக் கட்டிவந்த பழக்கம், அந்த இடம் வந்தாலே என் முகம் தானாகப் பச்சைக் குழந்தை முகமாகிவிடும். வயிற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் ஹன்னெகேயும் இழுத்துக்கொண்டாள், அது உடற்பயிற்சி என்று நினைத்து.

சாவடி தாண்டினதும் பாதை மூன்றாகப் பிரிந்தது. எது உன் நிலவறைக்குப் போகும் பாதை என்று எனக்கு எப்படித் தெரியும்? தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. அப்போதுதான் வலப்பக்கக் கம்பத்தில் ஐவிக் கொடியின் கிளை ஒன்று தொங்குவது தெரிந்தது. அதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாமே! ஹன்னெகேக்குக் கையாலேயே விளக்கினேன்: கிளையைக் காட்டினேன், வீட்டைக் காட்டினேன், எட்டு விரல் காட்டினேன், குடிப்பது போலக் காட்டினேன். கிளை தொங்கும் எட்டு நாள் மட்டும் அந்த வீட்டுக்காரர் தன் சொந்த மதுவையும் தன் பன்றித் தொடையையும் தன் முற்றத்திலேயே விற்பார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நம் பழைய சிநேகிதர் ஸ்டாங்கோ வீட்டுக் கிளைதான் அது. தொங்கும் கிளையைத் தாண்டிப் போகிற பழக்கம் நம் குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது?

முற்றம் நிறைய ஆட்கள். நல்ல வியாபாரம் என்று எனக்குச் சந்தோஷம். சைக்கிளில் இருந்தபடியே கத்தினேன்: "எங்கே ஸ்டாங்கோ? எங்களைக் கண்டதும் ஒளிஞ்சுக்கிட்டாரா? எழுந்து வரச் சொல்லுங்க, ஏழு பேருக்கும் தாகம்!"

பிறகுதான் பார்த்தேன், எல்லாரும் கறுப்பு உடை. மேசை நடுவில் ஸ்டாங்கோவின் படம், முன்னால் மெழுகுவர்த்தி. யேசுவே! உன் காலுக்குப் பின்னால் மூன்று நாளாக ஓடியதில் எனக்குச் செய்தியே வரவில்லை. கிளை கட்டிய ஆறாம் நாள் மனிதர் போய்விட்டார். நாங்கள் போன அன்று காலைதான் அடக்கம். கிளையை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இதற்குள் ஹாலந்துக்காரர்கள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களிடம் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டாங்கோவின் மைத்துனன் பெபி என்னை மூலைக்கு இழுத்தான்.

"மிலோய்கா, உனக்கு மூளை கீளை இருக்கா? யாரு இவங்கெல்லாம்?"

"ஹாலந்துக்காரங்க."

"மாமாவுக்கு ஹாலந்துல யாரு?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் இருந்த பெண்கள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். "அந்தத் தாடிக்காரன் மூக்கைப் பாருடி, அப்படியே ஸ்டாங்கோ மூக்கு." "சின்ன வயசுல ரெண்டு வருஷம் கப்பல்ல இருந்தாராமே?" "கண்ணும் அதேதான்டி!"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. உன் வேலையும் போச்சு, என் மானமும் போச்சு, பாவம் செத்தவர் மானமும் போகிறது. ஸ்டாங்கோவின் மனைவி ஸ்டெஃபானியா எழுந்து வந்தாள். காலில் விழாத குறையாக, "ஸ்டெஃபானியா, என்னை மன்னிச்சிடு, இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்" என்றேன்.

அவள் பெண்கள் பக்கம் திரும்பி, "அவருக்குக் கப்பலைப் பார்த்தாலே வாந்தி வரும். ரெண்டு வருஷமும் துறைமுகத்துல மூட்டைதான் தூக்கினாரு. வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க" என்றாள். பிறகு என்னிடம், "கிளை தொங்குது இல்ல? அப்ப வீடு திறந்துதான் இருக்கு. இன்னும் ரெண்டு நாள் அவர் கணக்குல பாக்கி இருக்கு. இவங்களைத் திருப்பி அனுப்பினா ராத்திரி கனவுல வந்து என்னைத் திட்டுவாரு. உக்காரச் சொல்லு" என்றாள்.

அவ்வளவுதான். சூப் வந்தது, மாட்டிறைச்சி வந்தது, ஸ்டாங்கோவின் கடைசித் தெரான் மது கறுப்பாக, மை மாதிரி, குடம் குடமாக வந்தது. ஹாலந்துக்காரர்களிடம் இது சாவு வீடு என்று சொல்லத்தான் நினைத்தேன். அவர்களுக்கும் கொஞ்சம் புரிகிற ஜெர்மனில் எனக்குத் தெரிந்தது இடது, வலது, மெதுவாக, சாப்பிடுங்கள் அவ்வளவுதானே? சாப்பிடுங்கள் என்றேன். செபத்துக்கு எல்லாரும் எழுந்தபோது அவர்களும் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்கள். பெபி ஸ்டாங்கோவுக்குப் பிடித்த பாட்டை எடுத்தான், இரண்டாம் வரியிலேயே பாட்டை விட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்போது பார் ராய்கோ, அந்தத் தாடிக்காரர், மூக்குக்காரர், வார்த்தை தெரியாமலே அடிக்குரலில் அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டார். பெபி அவர் தோளில் கை போட்டுக்கொண்டு முடிவு வரை பாடிவிட்டான். ஸ்டெஃபானியா அன்றைக்கு முதல் தடவையாக அழுதாளாம், அவள் தங்கை சொன்னாள். ஹன்னெகேயும் அழுதாள்.

நாலு மணிக்குத்தான் கிளம்பினோம். உன் நிலவறைக்காரர் உனக்கு எத்தனை முறை போன் செய்தார் என்று எனக்குத் தெரியாது. வாளி அவரிடமே இருக்கட்டும். ஸ்டெஃபானியா ஒரு முழுப் பன்றித் தொடையை என் கூடையில் கட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் ஹன்னெகே உன் தாளைக் கேட்டு வாங்கினாள். அடியில் நான்கு கூட்டத்துக்கு நான்கு காலிக் கட்டம் விட்டிருந்தாயே? நான்கிலும் தேதி போட்டு, நான்கிலும் கையெழுத்துப் போட்டு, என்னைக் கட்டிப்பிடித்து மூன்று முத்தம் கொடுத்தாள். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆஸ்திரியாக்காரர்களிடம் கண்ணாடியை அவர்களே செய்துகொள்ளச் சொல்.

தூய அந்தோனியார் உன் எலும்பை ஒட்டவைக்கட்டும், மாதா உன்னை இனிமேல் மரம் ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். நர்ஸ் அம்மாக்களை நான் கேட்டதாகச் சொல்.

உன் அத்தை,
மிலோய்கா

பி.கு: உறையை ஒட்டும்போதுதான் ஒன்று ஞாபகம் வருகிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஹன்னெகே தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள்: கறுப்பு உடை, மெழுகுவர்த்தி, ஸ்டாங்கோவின் படம், எல்லாரும் பாடுவது. பிறகு ஒவ்வொரு தேதியையும் விரலால் தொட்டு, இது அன்றைக்கும் உண்டா என்று புருவத்தாலேயே கேட்டாள். நான் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டைக் கேட்கிறாள் என்று நினைத்து நான்கு தடவையும் தலையாட்டிவிட்டேன். நான்கில் முதல் தேதிக்குக் கவலை இல்லை, ஸ்டாங்கோவின் முப்பதாம் நாள் பூசை அன்றுதான். மற்ற மூன்று தேதிக்கும் யார் என்று நம் பங்கு முழுவதையும் மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டேன். தொண்ணூறு தாண்டியவர்கள்கூடக் கல்லுக் குண்டு மாதிரி இருக்கிறார்கள். இப்போதைக்குப் படுக்கையில் கிடப்பவன் நீ ஒருவன்தான்.