2400இல் கேட்ட காது

அரைகுறையாகப் படித்தவனுக்கு முதலில் மந்தமாவது காதுதான். எனக்கு அது கொழும்பில் நான்கு மாதக் கணினி வகுப்பு முடித்த கையோடு நேர்ந்தது.

சுனாமி வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. களுவாஞ்சிக்குடியில் ஒரு நிவாரண அலுவலகத்தில் கணினி பார்க்கும் வேலை எனக்கு. (சான்றிதழைக் கழுத்தில் தொங்கவிடாத குறையாகத் திரிந்தேன். பாவம், நம்பிக் கூப்பிட்டுவிட்டார்கள்.) வடக்கே இருந்த முகாம்களின் பெயர்ப் பட்டியல் மட்டக்களப்பு நகர அலுவலகத்தில் இருந்தது. கூரையில் பூட்டிய செய்மதித் தட்டு வழியாக அது எங்கள் கணினிகளுக்கு வர வேண்டும். நடுவில், கணினிகளை இணைக்கும் ஒரு சுவிட்ச் பெட்டி. வெளிநாட்டில் யாரோ பாவித்துக் கழித்து நன்கொடையாக அனுப்பியது. பழையவர்கள் போட்ட பூட்டுகள் அதற்குள் அப்படியே இருந்ததால் எதையும் உள்ளே விடவில்லை. அதன் முதுகிலிருந்த கொன்சோல் துளையில் ஒரு கம்பியைச் செருகி, மறுமுனையைக் கணினியில் கொழுவி, திரை வழியாக அதனுடன் பேசி அந்தப் பழைய பூட்டுகளை அழிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வாசலில் வேலாயுதம் அண்ணன் நின்றார். வாவியில் மீன் பிடிப்பவர். தங்கச்சி ராசாத்தியை மாங்கேணியில் கட்டிக்கொடுத்திருந்தார். வடக்கே போகும் பாதை அறுந்துகிடந்தது. அவள் உயிரோடு இருக்கிறாளா என்று அந்தப் பட்டியல்தான் சொல்ல வேண்டும்.

"எவ்வளவு நேரம் செல்லும் தம்பி?"

"பத்து நிமிசம் அண்ணன்."

கம்பியைச் செருகினேன். திரையில் எழுத்து வந்தது. ஆனால் எந்த மொழியிலும் சேராத எழுத்து. எனக்கோ சந்தோசம், ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த நோய்! அந்தக் காலத்தில் பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், நல்ல தமிழ்க் கடிதமும் இப்படித்தான் கந்தலாகத் தெரியும்.

"எழுத்துருப் பிரச்சினை," என்று அறிவித்தேன்.

பெயர்களைத் தட்டச்சு செய்யும் சாந்தி தலையை நிமிர்த்தினாள். "சேர், பெட்டிக்குக் கீழ ஒரு துண்டு ஒட்டிக் கிடக்கு. 9600 எண்டு எழுதியிரிக்கு."

"அது விலையா இருக்கும்," என்றேன்.

பாமினி உள்ள இறுவட்டைத் தேடுவதில் அன்றைய நாள் போனது. சாந்தி இன்னொரு தடவையும் அந்தத் துண்டைப் பற்றிச் சொன்னாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். மறுநாள் எழுத்துருவைப் போட்டேன். திரை முழுக்கத் தமிழ்! நான் கைதட்டியே விட்டேன். வேலாயுதம் அண்ணன் ஓடி வந்து குனிந்து, விரல் வைத்து வாசித்தார்.

"ஒ... ஒ... ங... ழ... ஒ..."

பிறகு என்னைப் பார்த்தார். "மனே, இதில ராசாத்திட பேர் எங்க இரிக்கி?"

நிலம் பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது.

சாந்தி எழுந்து வந்து பெட்டியைப் புரட்டி என் மூக்குக்கு நேரே பிடித்தாள். "மூண்டாந்தரமாச் சொல்லுறன். இதில 9600. உங்கட கணினியில 2400. அது விறுவிறெண்டு கதைக்குது, நீங்க ஆறுதலாக் கேக்கிறீங்க. பிறகு என்னெண்டு விளங்கும்?"

மாற்றினேன். ஆங்கிலம் ஒழுங்காக வந்து நின்றது. (விலை அல்ல, பேசும் வேகம்!) பழையதை அழித்து முடிக்கப் பத்தே நிமிடம்தான் ஆனது. சாந்தி பெயரைத் தேடினாள். ராசாத்தி, மாங்கேணி, ஒரு பிள்ளையுடன், வாழைச்சேனைப் பக்கத்து முகாம் ஒன்றில். வேலாயுதம் அண்ணன் நிலத்தில் குந்தியிருந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அதில் பாதி வெட்கம். அந்த இரண்டு நாளும் அவர் எப்படி நித்திரை கொண்டிருப்பார் என்று இப்போதும் சில வேளை நினைப்பேன்.

பிற்பாடு சாந்தியைக் கட்டினேன். (அவள்தான் இரங்கி என்னைக் கட்டினாள் என்பது அவள் கட்சி.) அவள் ஏதாவது சொல்லும்போது நான் பேப்பரைப் பார்த்தபடி 'ஓம், ஓம்' என்றால் மகள் கத்துவாள்: "அம்மா, அப்பா 2400ல இரிக்கிறார்!"

ராசாத்தி எங்கள் கலியாணத்துக்கு வந்தாள். இன்றும் எந்த விசேஷத்தில் கண்டாலும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்னைக் காட்டுவாள்.

"கடல் என்னை விட்டிட்டுது. இந்தத் தம்பிதான் ரெண்டு நாள் பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிருந்தவர்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் பிந்தி.